மார்கழியில் பிரகாசமான திருவாதிரை

"என்னங்க, சீக்கிரம் மேல வாங்க! திருவாதிரை ரைகலைத் தாண்டிட்டு!"

என் மனைவி கோமதி மொட்டைமாடியிலிருந்து கூப்பிட்டபோது நான் கடை ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன். எங்களுக்குக் கீழே கடை, நடுவில் வீடு, மேலே ஆகாயம். திருவனந்தபுரம் பழவங்காடிப் பிள்ளையார் கோவிலில் தேங்காய் உடைபடும் சத்தமும், சிதறின தண்ணீரின் புளித்த வாசனையும் எங்கள் படிக்கட்டு வரை வரும். ஷட்டரை அப்படியே விட்டுவிட்டு மேலே ஓடினேன்.

போன மார்கழியின் ஆரம்பம் அது. மழை ஓய்ந்து, வானம் அலம்பிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருந்தது. கிழக்கே ஓரியன் என்கிற நட்சத்திரக் கூட்டம் படுத்த வாக்கில் ஏறியிருந்தது. நடுவில் வரிசையாக மூன்று நட்சத்திரம். அதற்கு இடப்பக்கம் சிவப்பாகத் திருவாதிரை. வலப்பக்கம் நீலமாக ரைகல். வழக்கமாகப் பிரகாசத்தில் ரைகல்தான் ஒரு படி தூக்கல்.

"நல்லாப் பாருங்க. எது கூடுதல்?"

நான் பார்த்தேன். பொய் சொல்லுவானேன், எனக்கு ரெண்டுமே நட்சத்திரமாகத்தான் தெரிந்தது.

"ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கு" என்றேன்.

"உங்களுக்கு மயில் கழுத்துக்கும் ராமர் பச்சைக்குமே வித்தியாசம் தெரியாது. உங்கட்ட போய்க் கேட்டேன் பாருங்க."

நான் வாராவாரம் எழுதுகிற இந்தப் பத்தியில் வானத்தைப் பற்றி எழுதினால் வாசகர்கள் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள் என்று அவள் எச்சரித்திருக்கிறாள். போன வாரம் ஓணக் காலத்துக் கடைக்கூட்டத்தைப் பற்றி எழுதியதற்கு நாலைந்து பேர் போன் செய்தார்கள். இந்த வாரம் யார் செய்கிறார்கள், பார்ப்போம்.

மேட்சிங் பார்க்கிற கண்

எங்கள் கடையில் சேலை கிடையாது. சேலைக்கு வேண்டிய மற்றதெல்லாம் உண்டு. பிளவுஸ் துணி, லைனிங், ஃபால்ஸ், நூல்கண்டு. கோமதியின் அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து தொடங்கிய கடை. சர்க்கார் உத்தியோகம் முடிந்த பிறகு நான் கல்லாவில் உட்காருகிறேன் என்பதைத் தவிர எனக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கடை அவளுடையது.

சேலையை ஒருமுறை பார்ப்பாள். அலமாரிப் பக்கம் திரும்புவாள். அடுக்கியிருக்கிற நூறு சிவப்பில் ஒரு சிவப்பை உருவி மேஜைமேல் போடுவாள். சேலையும் துணியும் ஒரே தறியில் வந்தது மாதிரி சேர்ந்துகொள்ளும். நெடுமங்காட்டிலிருந்தெல்லாம் பஸ் ஏறி வருவார்கள்.

இந்தக் கண் எப்படி வானத்துக்குப் போயிற்று என்றால், அதற்குக் காரணம் பத்திரிகைதான். சில வருடங்களுக்கு முன்பு, ஒரு புத்தாண்டுச் சமயத்தில், திருவாதிரை நட்சத்திரம் வழக்கத்துக்கு மாறாக மங்கிக்கொண்டே வருகிறது, வெடிக்கப்போகிறதோ என்னவோ என்று உலகம் முழுக்கச் செய்தி வந்தது. பலருக்கும் ஞாபகமிருக்கும்.

அன்று சாயங்காலம் கோமதி மாடிக்குப் போனாள். "பேப்பர்ல போட்டது உள்ளதுதானான்னு பாத்துட்டு வாரேன்" என்றுதான் போனாள். இன்னும் முழுசாக இறங்கி வரவில்லை.

மங்கினதற்குக் காரணம் அந்த நட்சத்திரமே கக்கிய தூசி என்று பிற்பாடு சொன்னார்கள். அது பழைய பிரகாசத்துக்குத் திரும்பியது. உலகம் மறந்துவிட்டது. இவள் மறக்கவில்லை. ஊரில் உள்ள வானம் பார்க்கிற குழுவில் சேர்ந்தாள். நட்சத்திரத்தின் பிரகாசத்தை வெறும் கண்ணால் அளக்கிற முறையைக் கற்றுக்கொண்டாள்.

முறை ஒன்றும் பெரிய வித்தையில்லை. அளக்க வேண்டிய நட்சத்திரத்தைவிடச் சற்று கூடின ஒன்று, சற்று குறைந்த ஒன்று என்று, பிரகாசம் மாறாத இரண்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நம்முடையது இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்று மதிப்பிட வேண்டும். உலகத்தில் இப்படி ஆயிரக்கணக்கான பேர் மதிப்பிட்டு அனுப்புகிறார்கள். அதையெல்லாம் சேர்த்துத்தான் நட்சத்திரம் எப்படி நடந்துகொள்கிறது என்று படம் போடுகிறார்கள்.

"இதுவும் மேட்சிங்தானங்க" என்றாள் கோமதி. முதல் நாளே அவள் சொன்ன மதிப்பு மற்றவர்கள் சொன்னதோடு ஒட்டி வந்தது. குழுவில் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள்.

அன்றிலிருந்து திருவாதிரை கண்ணில் படுகிற மாதங்களில் ஒரு நாள் தவற மாட்டாள். அவளுக்கு அதில் இருந்த பெருமையை நான் கேலி செய்திருக்கிறேன். ஆனால் நாடு நாடாகப் பெரிய பெரிய ஆட்கள் அனுப்புகிற கணக்கில் பழவங்காடி ஃபால்ஸ் கடைக்காரியின் கணக்கும் சேருகிறது என்றால் சும்மாவா?

புது வருஷத்தில் என்ன விசேஷம்?

இவள் வானம் பார்ப்பது தெரிந்ததும் மார்கழி வந்தால் கடையில் ஒரு தொல்லை. நூல்கண்டு வாங்க வருகிறவர்கள் குரலைத் தாழ்த்தி, "புது வருஷம் மகத்துக்கு எப்படி?" என்று கேட்பார்கள். கோமதி முகம் மாறாமல், "மகம் நல்லா இருக்கு. ராத்திரி கிழக்க பாருங்க, தெரியும்" என்பாள்.

உண்மையில் இந்தப் புத்தாண்டுக்குச் சொல்ல நிறையவே இருந்தது. வியாழன் கிழக்கே விளக்குப் போல நின்றது. வேறொரு சூரியனிடமிருந்து புறப்பட்டு வந்த வால்நட்சத்திரம் ஒன்று நம் சூரியனை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து மனிதர்கள் மறுபடி நிலாவைச் சுற்றிவரத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். திருவாதிரைக்கே ஒரு சின்னத் துணை நட்சத்திரம் கூடவே சுற்றுவதாகச் செய்தி வந்திருந்தது. "இத்தனை நாளா நம்மட்ட சொல்லலியே, கள்ளி" என்று கோமதி அதைக் கோபித்துக்கொண்டாள்.

இந்த ஊரில் ராக்கெட் புதிதில்லை. தும்பாப் பக்கம் வேலை பார்க்கிறவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. அவர்கள் காலையில் டிபன் பாத்திரத்தோடு பஸ்ஸுக்கு நிற்பதைப் பார்த்துப் பார்த்து, விண்வெளி என்பது இன்னொரு ஆபீஸ் என்று எங்களுக்கு ஆகிவிட்டது. அவர்களில் யாரையாவது மாடிக்குக் கூப்பிட்டால், "ஐயோ, ஆபீஸ் முடிஞ்சும் அதுதானா?" என்பார்கள்.

கல்லாற்றுக் கரையில்

குழு முன்பெல்லாம் விழிஞ்ஞம் பாறைகளுக்குத்தான் போகும். தெற்கே கடல் மட்டத்தில் அகஸ்திய நட்சத்திரம் எழும்புவதை அங்கிருந்து பார்க்கலாம். இப்போது துறைமுக விளக்குகளில் அடிவானமே விடிந்துவிட்டது போல் இருக்கிறது. குறை சொல்லவில்லை, கப்பல் நிற்கிற இடத்தில் விளக்கு எரியாமல் எப்படி? நாங்கள்தான் ஜாகையை மாற்றிக் கொண்டோம்.

பொன்முடி மலைக்குக் கீழே கல்லாறு. ஆற்றுச் சத்தம், ஈரப் பாறை, இருட்டு. கிறிஸ்துமஸுக்கு முந்தின அமாவாசையில் குழு அங்கே போனது. கோமதி கால்களைத் தண்ணீரில் விட்டு உட்கார்ந்து, திருவாதிரையைச் சட்டென்று ஒரு பார்வை, ரைகலைச் சட்டென்று ஒரு பார்வை பார்த்தாள். சிவப்பு நட்சத்திரத்தை வெறித்துப் பார்க்கக்கூடாது. பார்க்கப் பார்க்க அது பெருகுகிற மாதிரித் தோன்றும். அது அவர்களுடைய தொழில் ஒழுக்கம்.

"கூடியிருக்கு" என்றாள். "நவம்பர்லேர்ந்து பாக்கேன். போன சீசனைவிடக் கூடியிருக்கு."

குழுவின் செயலாளர் அஞ்சு, கணினிக் கம்பெனியில் வேலை பார்க்கிற முப்பது வயதுப் பெண். "உறப்பாணோ சேச்சி?" என்று கேட்டாள். நிச்சயம்தானா என்று அர்த்தம். "மற்றவங்க எல்லாரும் சாதாரணம்னுதான் போட்டிருக்கு."

"மங்கினப்பவும் முதல்ல எல்லாரும் சாதாரணம்னுதான் போட்டாங்க" என்றாள் கோமதி.

அதற்கு மேல் அஞ்சு பேசவில்லை. ஆனால் கூட வந்த யாரோ ஒருவர் பேசிவிட்டார். மறுநாள் காலைக்குள் அது வாட்ஸாப்பில் ஏறி, "திருவாதிரை வெடிக்கத் தயார், திருவனந்தபுரம் பெண்மணி கண்டுபிடிப்பு" என்று எங்களுக்கே திரும்பி வந்தது. ஒரு பத்திரிகை நிருபர் போன் செய்தார். புத்தாண்டுச் சிறப்புப் பக்கத்துக்கு வேண்டுமாம். கோட்டைக்குள் ஒரு பள்ளி மைதானத்தில் குழு பொதுமக்களுக்கு வானம் காட்டுகிற நிகழ்ச்சி வைத்திருந்தது. அங்கே வந்து பேட்டி எடுக்கிறேன் என்றார்.

நான் என் நல்ல சட்டையைத் தேய்க்கக் கொடுத்தேன். பேட்டி எனக்கில்லைதான். இருந்தாலும் பக்கத்தில் நிற்பேனே.

கறுப்பென்று கொடுத்த துணி

நிகழ்ச்சிக்குச் சில நாள் முன்பு, கரமனையிலிருந்து ஒரு வாடிக்கையாளர் அம்மா வந்தார். வருஷக் கணக்காக வருகிறவர். பையிலிருந்து ஒரு கறுப்புச் சேலையையும் தைத்த ஜாக்கெட்டையும் எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"கோமதி, சண்டைக்கு வரல. தையல்காரன்தான் சொன்னான். இந்த ஜாக்கெட் கறுப்பில்லே, கேட்டோ. நீலமாக்கும்."

கோமதி சிரித்தாள். "நல்ல கறுப்பும்மா. எத்தனை தடவை துவைச்சாலும் இந்தக் கறுப்பு போகாது."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் துணியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். வெயிலில் பிடித்தேன். நிறம் தெரியாத எனக்கே தெரிந்தது. அசல் கருநீலம்.

கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன். கோமதி அதை எடுத்துக்கொண்டு தானே வெயிலுக்குப் போனாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெகுநேரம் வரவில்லை. திரும்பி வந்து வேறு துணி வெட்டிக் கொடுத்து, "தப்பு என்னோடதுதான், மன்னிச்சிருங்க" என்று அனுப்பினாள்.

"உங்களுக்கு நீலமாத் தெரிஞ்சுதா?" என்று என்னிடம் கேட்டாள்.

"ஆமா."

"எனக்கு வெயில்லயும் கறுப்புதான்."

பிற்பகல் முழுக்க ஒரே வேலை. நீலத் துணி அடுக்கின் முன்னால் போய் நிற்பாள். ஒன்றை உருவுவாள். திரும்ப வைப்பாள்.  சர்க்கரையோ, நரம்போ, என்ன எழவோ என்று என் மனசு கண்டபடி ஓடியது.

ரோகிணியும் கூடியிருந்தாள்

சாயங்காலம் விளக்கு வைத்ததும் மாடிக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். வளர்பிறை நிலா இருந்தது. அது கண்ணில் படாமல் தண்ணீர்த் தொட்டியின் மறைவில் நின்றாள். இந்த முறை அவள் முதலில் ரைகலைப் பார்க்கவில்லை. ஓரியனுக்கு மேலே ரோகிணி நட்சத்திரம் உண்டு, குறைந்த பக்கத்துக்கு அவள் வருஷா வருஷம் பிடித்துக்கொண்டது; இந்த சீசனில் திருவாதிரை ரைகலை எட்டின பிறகு அதை விட்டிருந்தாள். அதுவும் செம்மஞ்சள் நிறம்தான். அதைப் பார்த்தாள், திருவாதிரையைப் பார்த்தாள்.

"என்ன?" என்றேன்.

"இருங்க."

ரோகிணியை ரைகலோடும் வைத்துப் பார்த்தாள். பிறகு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, எனக்குப் புரிகிற மாதிரிச் சொன்னாள். திருவாதிரை நிஜமாகவே கூடியிருந்தால், ரோகிணி அதற்குப் பின்னால் தள்ளிப்போயிருக்க வேண்டும். போகவில்லை. ரெண்டுக்கும் உள்ள தூரம் போன வருஷம் இருந்தது போலவே இருக்கிறது. ரைகலோடு வைத்துப் பார்த்தால் ரோகிணியும் கூடியிருக்கிறது.

"ரெண்டு நட்சத்திரமும் ஒண்ணுக்கொண்ணு முகம் பாத்தது கிடையாது. ரெண்டும் ஒரே சமயத்துல, ஒரே அளவுல கூடுமா? கூடாது. அப்ப கூடினது அங்க இல்ல. சிவப்பு அப்படியே இருக்கு. நீலந்தான் குறைஞ்சிருக்கு. எல்லா நீலமும். துணியிலயும்."

தன் கண்ணைத் தொட்டுக் காட்டினாள்.

நான் மூச்சு விட்டேன். "புரைதானே? அதுக்கா இப்படிப் பயமுறுத்தினே? அரை மணி நேர வேலை, எடுத்துரலாம்."

"அது தெரியும். அதுக்கில்லங்க." மறுபடி ஓரியன் பக்கம் திரும்பினாள். "மழைக்காலம் முடிஞ்சு பாத்ததுல இப்ப தெரிஞ்சுட்டு. ஆனா புரையோட மஞ்சள் ஒருநாள்ல ஏறாதுல்லா? எப்ப ஏறத் தொடங்குச்சு? போன வருஷமா, அதுக்கு முந்தியா? நான் அனுப்பினதுல எது நட்சத்திரம், எது என் கண்ணு? இத்தனை வருஷமும் நான் பாத்தது பொய்யா?"

 கேலிக்கு வார்த்தை கிடைக்கிற அளவுக்கு ஆறுதலுக்குக் கிடைப்பதில்லை எனக்கு. பக்கத்தில் நின்று தோளில் கை வைத்தேன்.

மைதானத்தில் ஒரு பேட்டி

நிகழ்ச்சி நடந்த நாள் திருவாதிரைத் திருநாளாகவே அமைந்துவிட்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. திருவாதிரை அன்று பௌர்ணமியை ஒட்டின நிலா அந்த நட்சத்திரத்தின் கிட்டத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் அன்று அந்தப் பேர். வானம் அளக்கிறவர்களுக்கோ அன்றைக்குத்தான் திருவாதிரையைச் சரியாக அளக்க முடியாது.

வீட்டில் களியும் ஏழு காய்க் கூட்டும் செய்தாள். திருவாதிரைக்கு ஒரு வாய்க் களி என்று நான் நாலு வாய் தின்றேன். அவள் இறங்கவில்லை என்று தட்டை நகர்த்தினாள்.

"வராம இருந்துரு. உடம்பு சரியில்லைன்னு அஞ்சுகிட்ட சொல்லிருதேன்" என்றேன்.

"நாளைக்கு அந்தப் பேப்பர்காரர் வெடிக்கப்போவுதுன்னு போட்டுட்டாருன்னா? வாங்க போவோம்."

மைதானத்தில் நல்ல கூட்டம். விரதமிருந்த மலையாளப் பெண்கள் செட்டு முண்டு உடுத்தி, தலையில் பூ வைத்து, டெலஸ்கோப் முன்னால் வரிசையில் நின்றார்கள். வியாழனையும் அதன் நாலு நிலாக்களையும் பார்த்து, "அய்யோ, எந்து ரசம்!" என்று அழகை வியந்தார்கள். நிருபர் வந்தார். நல்ல பிள்ளை. கோமதியை நிலா வெளிச்சத்தில் நிறுத்தி போட்டோ எடுத்துக்கொண்டு, "திருவாதிரை எப்ப வெடிக்கும் மேடம்?" என்று கேட்டார். குழுவினர் சுற்றி நின்றார்கள்.

"நட்சத்திரத்துல ஒண்ணும் இல்ல தம்பி" என்றாள் கோமதி. "எல்லாம் என் கண்ணுல. புரை விழுந்து மஞ்சளடிச்சிருக்கு. நீலம் சரியாத் தெரியல. அதான் சிவப்பு தூக்கலாத் தெரிஞ்சிருக்கு. காமாலைக்காரன் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்னு சொல்லுவாங்கல்லா, அந்தக் கதை. நான் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கிடுதேன்."

 நிருபர் செல்போனைக் கொஞ்ச நேரம் பிடித்தபடியே இருந்தார். பிறகு, "வேற ஏதாவது புத்தாண்டு விசேஷம் உண்டா மேடம்?" என்றார். பாவம், அவருக்குப் பக்கம் நிரப்ப வேண்டும். கோமதி அவரை டெலஸ்கோப்பிடம் கூட்டிக்கொண்டு போய் வியாழனைக் காட்டினாள்.

அஞ்சு என் பக்கத்தில் வந்து நின்றாள். "அங்கிள், நான் ஒரு மாசமா நினைச்சிட்டிருந்தேன், என் கண்ணுதான் மோசம்னு" என்றாள். "ரோகிணியை வச்சு செக் பண்ணணும்னு எனக்குத் தோணவே இல்ல."

எந்த லென்ஸ்?

கண் டாக்டர் ஒரு மலையாளப் பெண். சோதித்துவிட்டு, இரண்டு கண்ணிலும் ஒரே அளவில் புரை என்றார். பொங்கல் கழிந்ததும் முதலில் வலது கண், சில வாரம் விட்டு இடது கண். லென்ஸில் இரண்டு வகை உண்டு என்று விளக்கினார். ஒன்று தூரத்துக்கு மட்டும், பக்கத்தில் பார்க்கக் கண்ணாடி போட வேண்டும். மற்றது தூரத்துக்கும் பக்கத்துக்கும் சேர்த்து, கண்ணாடியே வேண்டாம்.

"ரெண்டாவதே வைங்க டாக்டர்" என்றேன். "கடையில துணியும் நூலும் பாக்கிறவ."

கோமதி கேட்டாள்: "அதுல விளக்கைச் சுத்தி வளையம் தெரியுமா?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "சிலருக்குத் தெரியும். ராத்திரி வண்டி ஓட்டறவங்க சொல்வாங்க. சேச்சி வண்டி ஓட்டுமோ?"

"இல்ல. நட்சத்திரம் பாப்பேன். எனக்கு அது புள்ளியாத் தெரியணும்."

ஆட்டோவில் வரும்போது சண்டை போட்டோம். சோறு போடுகிறது கடையா, திருவாதிரையா என்று கேட்டேன். கடைக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம், வானத்துக்கு எதைப் போடுவது என்று கேட்டாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

உண்மையில் எனக்கு லென்ஸைப் பற்றிக் கவலையில்லை. கண்ணில் கத்தி படுகிறது என்கிற நினைப்பே தாங்கவில்லை. ஏதாவது ஆகிவிட்டால் இவள் மாடிக்குப் போவது நின்றுவிடும், பிறகு இந்த வீடு எப்படி இருக்கும் என்று பயந்தேன். அதைச் சொல்லத் தெரியாமல் கடையை இழுத்தேன்.

தூரத்து லென்ஸ்தான் வைத்தார்கள். நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, தெரிந்த சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டேன். அவள் கறுப்புக் கண்ணாடியோடு வெளியே வந்து, "காப்பி குடிச்சீங்களா?" என்றாள்.

இரண்டு கண்களும் பார்த்தது

குனியாதே, தலைக்குக் குளிக்காதே, கண்ணில் தண்ணீர் படக்கூடாது. டாக்டர் சொன்னதையெல்லாம் நான் போலீஸ்காரன் மாதிரிக் காவல் காத்தேன். சொட்டு மருந்தும் நான்தான் விட்டேன். நீல அடுக்கைப் பார்க்க வேண்டும் என்று கடைக்கு இறங்கியவளைத் திருப்பி அனுப்பினேன்.

தை முடிகிற சமயம் வானம் பார்க்கலாம் என்று அனுமதி வந்தது. அன்று நிலா இல்லை. ஓரியன் தலைக்கு மேலே வந்திருந்தது. நாற்காலியைச் சாய்த்துப் போட்டேன். கோமதி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள்.  

முதலில் வலது கண்ணைப் பொத்தினாள். பழைய இடது கண்ணால் பார்த்தாள். "திருவாதிரைதான் கூடுதல்" என்றாள்.

பிறகு இடது கண்ணைப் பொத்தினாள்.

 நான் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன். "புள்ளியாத் தெரியுதா?" என்று கேட்டேன். 

"புள்ளிதான்" என்றாள். "ரைகல் என்ன நீலம் தெரியுமா? ராயல் ப்ளூ இல்ல, இங்க் ப்ளூ இல்ல. நம்ம கடையில இந்த நீலம் கிடையாது. அதுதான் கூடுதல். திருவாதிரை கீழதான் இருக்கு. அஞ்சு சொன்னது மாதிரியே இருக்கு."

மறுபடி மாற்றிப் பொத்தினாள். பழைய கண், புதுக் கண். பழைய கண், புதுக் கண். ஒவ்வொரு தடவையும் மதிப்பைச் சொன்னாள். நான் போனில் அடித்துக்கொண்டேன். வித்தியாசம் ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தது.

"பாத்தீங்களா? நான் பாத்தது பொய்யில்ல. மஞ்சள் வழியா ஒழுங்காத்தான் பாத்திருக்கேன். மஞ்சள் எவ்வளவுன்னு இப்ப தெரிஞ்சுபோச்சு. ரோகிணிக்கும் ரைகலுக்கும் ஒவ்வொரு வருஷமும் என்ன போட்டேன்னு வச்சுப் பாத்தா, எப்பத் தொடங்குச்சுன்னு பிடிச்சுரலாம். கழிச்சுக்கிடலாங்க. எல்லாத்தையும் கழிச்சுச் சரியாக்கிரலாம்."

"நல்லது. அப்ப மத்த கண்ணுக்கும் தேதி வாங்கிரலாம். டாக்டர் அடுத்த மாசம் வரச் சொன்னாங்க."

"அடுத்த மாசமா? ஐயய்யோ, வேண்டாம். திருவாதிரை மேக்க போய் மறையட்டும். அது வரைக்கும் தெனமும் ரெண்டு கண்ணாலயும் அளக்கணும். இந்தக் கண்ணையும் எடுத்துட்டா, பழசைத் திருத்த எங்கிட்ட வேற என்ன இருக்கு?"

புரை விழுந்த கண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறேன் என்கிற பெண்பிள்ளையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நாலு வார்த்தை நன்றாகக் கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அப்போதுதான் கவனித்தேன். ரைகலைப் பார்த்தபடியே அவள் அழுதுகொண்டிருந்தாள்.

தோளில் கை வைக்கப் போனேன். ஆனால் காவல்காரன் அல்லவா நான்?

"கோமதி, கண்ணுல தண்ணி படக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்கல்லா?"

"அது வெளியேர்ந்து படுற தண்ணிங்க" என்றாள் அவள், கண்ணைத் துடைக்காமல். "உள்ளேர்ந்து வர்றதுக்கு அவங்க ஒண்ணும் சொல்லலை."